இடையூற்றிலும் தொழில் தொடர: நஞ்சன்கூடு தரும் பாடம்

ஒரு தொழிலை நன்கு நடத்துவதற்குரிய முறைகளை விளக்கும் நூல்கள் பல உள. அத்தொழில் எதிர்பாராத வகையில் ஒரு நாள் நின்றுவிடுமாயின் செய்யத்தக்கது யாது என்பதை விளக்குவன சிலவே. வெள்ளம், தொற்றுநோய், மின்தடை, சாலை அடைப்பு, அரசாங்க ஆணை, மூலப்பொருள் வாராமை என நிறுத்தத்துக்குரிய காரணங்கள் எண்ணிறந்தன. இவை ஒவ்வொன்றையும் முன்கூட்டி அறிந்துகொள்ளுதல் எவர்க்கும் இயலாது. ஆயினும், எக்காரணத்தால் தொழில் நின்றாலும் இழக்கப்படுபவை ஒரு சிலவே. அவற்றுக்கு முன்னதாகவே மாற்று ஏற்பாடு செய்துகொள்ளுதல் சிறிய கடைக்காரருக்கும் இயலக்கூடியது. இவ்வுண்மையை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும். இதற்கு எடுத்துக்காட்டாக மைசூர் மாவட்டத்திலுள்ள நஞ்சன்கூடு என்னும் ஊரை எடுத்துக்கொள்வோம்.

ஊரும் தொழிலும்

மைசூர் நகருக்குத் தெற்கே, கபினி நதியின் தென்கரையில் நஞ்சன்கூடு அமைந்துள்ளது. ஸ்ரீகண்டேசுவரர் ஆலயத்தால் இவ்வூர் தொன்றுதொட்டுப் புகழ் பெற்றது. ‘நஞ்சன்கூடு ரசபாளெ’ என்னும் வாழையும், சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கு உருவான பற்பொடியும் ஊரின் பெயரைத் தொலைவிடங்களுக்குக் கொண்டு சென்றன. பின்னர், கர்நாடக அரசாங்கத்தின் தொழிற்பேட்டை அமைக்கப்பட்டதன் பயனாக உணவுப்பொருள், மருந்து முதலியன தயாரிக்கும் பெரிய ஆலைகள் இங்கு நிறுவப்பட்டன. இவற்றைச் சார்ந்து சுமைவண்டி உரிமையாளர், பழுது பார்க்கும் பட்டறையினர், சிற்றுண்டிச் சாலையினர், நாட்கூலி பெறுவோர் எனப் பல குடும்பத்தினர் வாழ்கின்றனர். ஆகவே ஆலையொன்று நின்றால் அதன் விளைவு ஆலையின் மதிலுக்குள் அடங்குவதில்லை. நாட்கூலி பெறுவோரின் இல்லத்தில் அன்றைய உலைக்கே அது கேடாகும்.

மூன்று நிறுத்தங்கள்

பத்தாண்டுக்கும் குறைவான காலத்தில் இவ்வூரில் மூன்று வகை இடையூறுகள் நிகழ்ந்தன. அவை ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை.

முதலாவது, ஆணையினால் நேர்ந்தது. 2015 ஜூன் 5ஆம் நாள், இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம், நெஸ்லே இந்தியா நிறுவனத்தின் மேகி நூடுல்ஸ் வகைகளைச் சந்தையிலிருந்து திரும்பப் பெறுமாறு ஆணையிட்டது. ஈயத்தின் அளவு பற்றியும் மேலுறையில் அச்சிடப்பட்ட விவரம் பற்றியும் எழுந்த ஐயமே அதற்குக் காரணம். நஞ்சன்கூட்டிலும் நாட்டின் பிற இடங்களிலும் இருந்த ஆலைகளில் அப்பண்டத்தின் உற்பத்தி நின்றது. பல்லாயிரம் டன் சரக்கு திரும்பப் பெற்று அழிக்கப்பட்டது. ஆகஸ்டு 13ஆம் நாள் பம்பாய் உயர்நீதிமன்றம் அத்தடையை நீக்கி, அங்கீகாரம் பெற்ற மூன்று ஆய்வுக்கூடங்களில் மீண்டும் சோதனை செய்யப் பணித்தது. அச்சோதனைகளில் ஈயத்தின் அளவு அனுமதிக்கப்பட்ட வரம்புக்குள் இருப்பதாக அறியப்பட்டது. அக்டோபர் இறுதியில் நஞ்சன்கூடு, பஞ்சாபிலுள்ள மோகா, கோவாவிலுள்ள பிச்சோலிம் ஆகிய மூன்று இடங்களில் உற்பத்தி மீண்டும் தொடங்கியது. நவம்பரில் பண்டம் கடைகளுக்கு வந்தது. இயந்திரங்கள் யாதொரு பழுதுமின்றி இருந்தும் ஐந்து மாத காலம் விற்பனை இல்லாதிருந்தது என்பதை இங்குக் கருத வேண்டும்.

இரண்டாவது, வெள்ளத்தினால் நேர்ந்தது. கபினியின் நீர்ப்பிடிப்புப் பகுதி பெரும்பாலும் கேரளத்தின் வயநாட்டில் உள்ளது. அங்குப் பெய்யும் கனமழை பீச்சனஹள்ளியில் 1974இல் கட்டி முடிக்கப்பட்ட கபினி அணையை நிரப்பி, பின் நஞ்சன்கூட்டை அடைகிறது. 2018 ஆகஸ்டிலும் 2019 ஆகஸ்டிலும் இவ்வாறு நிகழ்ந்தது. நீராடு துறையிலுள்ள பதினாறு கால் மண்டபம் நீரில் மூழ்கியது. மல்லனமூலை மடத்தின் அருகில் மைசூர் நெடுஞ்சாலையின்மீது வெள்ளம் பாய்ந்தமையால் போக்குவரத்து நிறுத்தப்பட்டது.

இவ்விடத்தில் ஒரு கணக்கைக் கவனித்தல் நலம். அணையின் கொள்ளளவு சுமார் 1,950 கோடி கன அடி. 2019இல் விநாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேற்பட்ட நீர் வெளியேற்றப்பட்டது. ஒரு லட்சம் கன அடி வீதம் ஒரு நாள் முழுவதும் ஓடும் நீர் 864 கோடி கன அடியாகும். இஃது அணையின் முழுக் கொள்ளளவில் ஐந்தில் இரண்டு பங்கினும் மிகுதி. எனவே, அணை நிரம்பியிருக்கும் சமயத்தில் இத்தகைய வெள்ளத்தை அது நெடுநேரம் தடுத்து நிறுத்த இயலாது. வெளியேறும் நீர் நதி வழியே நகரை அடைவதற்குச் சில மணி நேரம் ஆகும். அச்சில மணி நேரமே கரையோரத்துத் தொழிலாளர்க்குக் கிடைக்கும் முன்னறிவிப்பு. அந்நேரத்தில் எதை முதலில் தூக்கிவைப்பது என்று ஆலோசிக்கத் தொடங்குபவர் காலங்கடந்தவரே ஆவார்.

மூன்றாவது, நோயினால் நேர்ந்தது. 2020 மார்ச் 26ஆம் நாள், ஜூபிலன்ட் ஜெனரிக்ஸ் நிறுவனத்தின் மருந்து மூலப்பொருள் ஆலையில் பணி புரிந்த ஒருவருக்குக் கொரோனா நோய் இருப்பது கண்டறியப்பட்டது. ஆலை மூடப்பட்டது; ஊழியர் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் தனிமைக் காப்பில் வைக்கப்பட்டனர். அந்நோய் பரவத் தொடங்கிய முதற்சில வாரங்களில் மைசூர் மாவட்டத்தில் காணப்பட்ட நோயாளிகளுள் பெரும்பான்மையோர் இத்தொடர்பில் உட்பட்டவர்கள். நோய் எவ்வழியே புகுந்தது என்பது பற்றிப் பலவாறு பேசப்பட்டது. ஏறக்குறைய இரண்டு மாதத்துக்குப் பின்னரே ஆலை மீண்டும் இயங்கியது. நோயாளிகளுக்கு மருந்து மிகவும் தேவைப்பட்ட காலத்திலேயே மருந்து ஆலையொன்று நிற்க நேர்ந்தது என்பது சிந்திக்கத்தக்கது.

தொழிலைத் தாங்கும் ஐந்து தூண்கள்

மேற்கூறிய மூன்று நிகழ்ச்சிகளின் காரணங்கள் வேறு வேறு. எனினும் ஒவ்வொன்றிலும் இழக்கப்பட்டது எது என்று பார்த்தால் ஓர் ஒழுங்கு புலனாகும். எந்தத் தொழிலும் ஐந்து தூண்களின்மீது நிற்கிறது. அவையாவன:

1. இடமும் சாதனமும்: கட்டடம், இயந்திரம், மின்சாரம், தண்ணீர்.
2. ஆட்கள்: வேலை அறிந்தவர்கள், அவர்கள் வேலைக்கு வந்து சேரும் வழி.
3. பொருள்: மூலப்பொருள், எரிபொருள், அவற்றைக் கொண்டு வரும் பாதை.
4. பதிவேடு: கணக்கு, உரிமம், கடன் பாக்கி, செய்முறைக் குறிப்பு.
5. நம்பிக்கை: வாங்குவோர், கடன் தருவோர், அரசாங்கம் ஆகியோரிடம் உள்ள மதிப்பு.

2015இல் வீழ்ந்தது ஐந்தாவது தூண்; ஏனைய நான்கும் நிலைத்திருந்தும் பயனில்லை. 2018, 2019ஆம் ஆண்டுகளில் முதலாவதும் மூன்றாவதும் அசைந்தன. 2020இல் இரண்டாவது தூண் வீழ்ந்தது. வெள்ளத்துக்கு ஒரு திட்டம், நோய்க்கு ஒரு திட்டம், தீ விபத்துக்கு ஒரு திட்டம் எனத் தனித்தனியே எழுதிக்கொண்டு போனால் எழுதப்படாத ஒன்றே வந்து சேரும். ‘இத்தூண் இல்லாவிடின் என் செய்வேன்?’ என்ற ஐந்து வினாக்களுக்கு விடை கண்டவர், பெயர் தெரியாத இடையூற்றையும் ஓரளவு எதிர்கொள்ளும் நிலையை அடைவார். சர்வதேசத் தரநிர்ணய ஸ்தாபனம் 2012இல் வெளியிட்டு 2019இல் திருத்திய 22301ஆம் எண் தரமும், காரணங்களைக் காட்டிலும் தொழிலின் இன்றியமையாத பணிகளைக் காத்தலையே நடுவாகக் கொண்டது.

எத்தனை காலம் பொறுக்கும்?

முதற்கண் கண்டறிய வேண்டியது, தொழில் எத்தனை காலம் நின்றால் மீட்க இயலாத நட்டம் நேரும் என்பதாகும். இதனைப் பொறுக்கும் காலம் எனலாம். கிராமப் பால் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பொறுக்கும் காலம் சில மணி நேரமே. கறந்த பாலைக் குளிர்விக்காவிடின் அது கெட்டுவிடும். ரொட்டிச் சாலைக்கு அஃது இரண்டொரு நாள். அதற்குமேல் வாடிக்கையாளர் வேறு கடையை நாடுவர். தையற்கடைக்கு, திருவிழாக் காலம் நீங்கலாக, ஒரு வாரமும் பொறுக்கலாம். பொறுக்கும் காலம் குறைவாக உள்ள பணிக்கே முதலில் செலவு செய்தல் வேண்டும். பால் சங்கத்தில் குளிர்சாதனத்துக்கு மாற்று மின்சாரம் அவசியம். அலுவலக அறையின் மின்விசிறிக்கு அஃது அவசியமன்று. இவ்வாறு பிரித்தறியாது அனைத்தையும் காக்க முற்படுபவர், பணம் போதாமையால் எதையும் காவாது விடுவர்.

கையிருப்புக் கணக்கு

கையிருப்பு எவ்வளவு வேண்டும் என்பதை ஊகத்துக்கு விடாது கணக்கிட்டு அறியலாம். பயிற்சிக்காக ஒரு ரொட்டிச் சாலையைக் கற்பனை செய்வோம். நாளொன்றுக்கு 120 கிலோ மைதா மாவு செலவாகிறது. மாவு வேண்டுமென்று சொல்லியனுப்பினால் இரண்டு நாளில் வந்து சேரும். ஆகவே சாதாரண காலத்தில் 240 கிலோ மீதமிருக்கும்போது சொல்லியனுப்பினால் போதும். சாலை நான்கு நாள் அடைபடக்கூடும் எனக் கொண்டால், 720 கிலோ இருக்கும்போதே சொல்லியனுப்ப வேண்டும். மிகுதியாக வைத்திருக்க வேண்டியது 480 கிலோ. கிலோவுக்கு 40 ரூபாய் எனின், இதில் முடங்கும் முதல் 19,200 ரூபாய். ஆண்டுக்கு நூற்றுக்கு 12 வீதம் வட்டி கணக்கிட்டால், ஆண்டுச் செலவு 2,304 ரூபாய்.

இனி மறுபக்கம் பார்ப்போம். கடை ஒரு நாள் நின்றால் நட்டம் 3,000 ரூபாய் எனின், நான்கு நாளைக்கு 12,000 ரூபாய். இத்தகைய அடைப்பு ஐந்தாண்டுக்கு ஒரு முறை நேருமாயின், ஆண்டுச் சராசரி 2,400 ரூபாய். அதாவது, செலவும் பயனும் ஏறத்தாழச் சமமாகின்றன. ‘இதற்கு ஏன் இத்தொல்லை?’ என்று கடைக்காரர் கேட்பது நியாயமே. ஆனால் கபினியில் வெள்ளம் ஆண்டு முழுவதும் வருவதன்று. தென்மேற்குப் பருவக்காற்றின் உச்சக் காலமே அதற்குரிய காலம். ஜூலை முதல் செப்டம்பர் வரை மூன்று மாதத்துக்கு மட்டும் அக்கையிருப்பை வைத்துக்கொண்டால் செலவு 576 ரூபாயாகக் குறைகிறது. பயனோ பெரும்பாலும் குறைவதில்லை. அபாயம் எப்போது மிகுகிறது என்பதை அறிந்து அப்போது மட்டும் ஆயத்தமாயிருத்தல் ஏழைத் தொழிலாளருக்கும் இயலும் வழியாகும்.

இக்கணக்கில் இரு எச்சரிக்கைகள் உண்டு. மாவு ஆறு நாளைக்கும் எரிவாயு இரண்டு நாளைக்கும் இருந்தால் கடை இரண்டு நாளே நடைபெறும். கையிருப்புகளுள் மிகக் குறைந்ததே தொழிலின் அளவாகும். மேலும், மூட்டைகளைத் தரையில் அடுக்கினால் வெள்ளம் வரும் நாளில் அக்கையிருப்பே முதலில் அழியும். 2019ஆம் ஆண்டு நீர் எட்டிய உயரத்தைச் சுவரில் வண்ணத்தால் குறித்து, அதற்கு மேலாகவே மூட்டைகள், மின் இயக்கி, மின்மானி ஆகியவற்றை அமைத்தல் வேண்டும்.

மாற்று என்பது உண்மையில் மாற்றுதானா?

ஒரு வழி அடைபட்டால் வேறு வழி உண்டு என்று பலரும் கூறுவர். அவ்வேறு வழியும் அதே இடையூற்றுக்கு உட்பட்டதா என்று ஆராய்பவர் சிலரே. கபினிக்குத் தெற்கேயுள்ள நஞ்சன்கூட்டு நகரத்திலிருந்து வடக்கேயுள்ள மைசூருக்குச் செல்ல நெடுஞ்சாலையானாலும் இரயில் பாதையானாலும் கபினியைக் கடந்தே ஆக வேண்டும். எனவே வெள்ள காலத்தில் இரண்டாவது பாதை என்பது அதே நதியின்மீதுள்ள இரண்டாவது பாலமே. தெற்கே குண்டலுப்பேட்டை வழியாகக் கேரளத்துக்கோ உதகைக்கோ சரக்கனுப்பலாமெனின், பந்திப்பூர்க் காட்டுப்பகுதியில் 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை போக்குவரத்து தடுக்கப்பட்டுள்ளது. ஆகவே அவ்வழியை நம்புவோர் ஓர் இரவைக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். தேவையான மூலப்பொருளின் ஒரு பகுதியையேனும் நதியின் தென்கரையிலேயே வாங்குவதற்கு ஒருவரைத் தெரிந்து வைத்திருத்தல், மூன்றாவது பாலத்தைத் தேடுவதினும் சிறந்தது.

இதே நெறியை வேளாண்மையிலும் காணலாம். நஞ்சன்கூடு ரசபாளெ வாழை பனாமா வாடல் நோயினால் பெரிதும் நலிந்து, அதன் சாகுபடிப் பரப்புச் சுருங்கியது. இந்நோயை விளைவிக்கும் பூஞ்சணம் மண்ணில் பல்லாண்டு உயிர்த்திருக்கும். பாதிக்கப்பட்ட தோட்டத்திலிருந்து எடுக்கும் கன்றுகளின் வழியாகவும் பரவும். ஒருவர் தோட்டம் கெட்டால் அண்டை வீட்டாரிடம் கன்று வாங்கலாம் என்பது வழக்கமான மாற்று. ஆனால் அதே மண்ணில் வளர்ந்த அதே வகைக் கன்று மாற்றாகாது. நோயற்ற திசு வளர்ப்புக் கன்று, புதிய நிலம், வேறொரு பயிர் ஆகியவையே உண்மையான மாற்றுகள். வெள்ளம் ஒரே இரவில் செய்வதை இந்நோய் பல ஆண்டுகளில் செய்கிறது. மெதுவாக வருவதால் இடையூறு என்று உணரப்படுவதில்லை.

ஆட்களும் அறிவும்

2020ஆம் ஆண்டு நிகழ்ச்சியிலிருந்து பெறத்தக்க பாடம் எளியது. தொற்றுநோய்க் காலத்தில் ஒருவர் நோயுற்றால் அவரோடு பழகிய அனைவரும் விலகியிருக்க நேரிடும். பன்னிருவர் ஒரே கூடத்தில் பணி செய்து ஒரே மேசையில் உண்பாராயின், ஒருவர் நோயால் பன்னிருவரும் வீட்டிலிருப்பர். அவர்களை அறுவர் அறுவராக இரு குழுக்களாக்கி, வேலை நேரம், உணவு நேரம், வண்டி ஆகியவற்றைப் பிரித்துவிட்டால், ஒரு குழு விலகினும் மற்றது பாதி வேலையையேனும் செய்யும். ஆனால் இரு குழுவிலும் எல்லா வேலையும் அறிந்தவர் இருத்தல் வேண்டும். அடுப்பின் பதம் அறிந்தவர் ஒருவரே எனின், குழு பிரித்ததால் பயனில்லை. ஒவ்வொரு முக்கிய வேலைக்கும் இருவரைப் பழக்குதலும், செய்முறையைத் தாளில் எழுதி வைத்தலும் செலவற்ற முன்னேற்பாடுகளாகும்.

தொழில் நிற்கும் நாட்களில் ஊழியர்க்குக் கூலி உண்டா, எவ்வளவு என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்தல் நலம். கூலியில்லை என்றறிந்தவர் காய்ச்சலை மறைத்து வேலைக்கு வருவர். அதனால் விளையும் கேடு, கொடுக்காது மிச்சப்படுத்திய கூலியினும் பெரிது.

பதிவேடும் நம்பிக்கையும்

நனைந்த மாவை மீண்டும் வாங்கலாம். நனைந்த கடன் பேரேட்டை மீண்டும் எழுத இயலாது. ஆகவே கணக்கு, உரிமம், காப்புறுதிப் பத்திரம், ஊழியர் விவரம் ஆகியவற்றின் படியொன்றை வேறு கட்டடத்தில், கூடுமாயின் நதியின் மறுகரையில் வைத்தல் வேண்டும். கைத்தொலைபேசியில் படம் எடுத்து உறவினருக்கு அனுப்பி வைப்பதும் போதும். வாரந்தோறும் படி எடுத்தால், நேரக்கூடிய இழப்பு ஒரு வாரக் கணக்கே. ஆண்டுக்கொரு முறை எடுத்தால் ஓராண்டுக் கணக்கு. சரக்கையும் இயந்திரத்தையும் வெள்ளத்துக்கு முன் படமெடுத்து வைப்பது காப்புறுதித் தொகை பெறுவதற்குத் துணை செய்யும். காப்புறுதி வெள்ளத்தையும் உள்ளடக்கியதா என்பதைப் பத்திரத்தை வாசித்து உறுதி செய்துகொள்ள வேண்டும்.

நம்பிக்கையென்னும் தூணைக் காப்பதற்கும் பதிவேடே கருவி. உணவுப் பண்டம் செய்வோர், எந்நாளில் எந்த மூலப்பொருளைக் கொண்டு எந்தத் தொகுதி செய்யப்பட்டது, அது எக்கடைகளுக்குச் சென்றது என்று குறித்து வைப்பாராயின், குறை எழும்போது அத்தொகுதியை மட்டும் திரும்பப் பெறலாம். குறிப்பில்லாதவர் அனைத்தையும் திரும்பப் பெற நேரிடும். ஒவ்வொரு தொகுதியிலும் சிறிதளவு மாதிரியை முத்திரையிட்டுக் காத்து வைத்தலும் பின்னர் நேரும் சோதனைக்கு உதவும். கடை நின்றவுடன் வாடிக்கையாளர்க்கு உண்மையை அறிவித்தல் வேண்டும். என்று திறக்கும் என்று அறிந்தவர் காத்திருப்பர், அறியாதவர் வேறிடம் செல்வர்.

ஒரு தாளில் திட்டம், ஆண்டுக்கொரு ஒத்திகை

மேற்கூறியவற்றை ஒரே தாளில் எழுதிவிடலாம். ஐந்து தூண்கள், ஒவ்வொன்றுக்கும் மாற்று, பொறுக்கும் காலம், முதல் மூன்று மணி நேரத்தில் யார் எதைச் செய்வது, தொடர்பு கொள்ள வேண்டியவர்களின் தொலைபேசி எண்கள் ஆகியவை அதில் இருத்தல் போதும். மின்சாரம் இல்லாதபோது கைத்தொலைபேசியும் அணைந்துவிடும் ஆதலால், அத்தாளைச் சுவரில் ஒட்டி வைத்தல் அவசியம். ஆண்டுதோறும் மே மாத இறுதியில், பருவமழைக்கு முன், ஒரு நாள் ஒத்திகை பார்க்க வேண்டும். ‘அணையிலிருந்து நீர் திறக்கப்பட்டது’ என்று சொல்லி, மின் இயக்கியைக் கழற்றி மேலே ஏற்ற எத்தனை பேர், எத்தனை நிமிடம் என்று அளந்து பார்க்க. திருகுச்சாவி எங்கே என்று தேடுவதிலேயே அரைமணி கழிவது அப்போது தெரியவரும். இத்தகைய குறைகளை அமைதியான நாளில் அறிந்து திருத்துவதற்கே ஒத்திகை.

களப்பணியாளர்கள் தம் பகுதியிலுள்ள கூட்டுறவுச் சங்கம், மாவு ஆலை, மகளிர் குழு ஆகியவற்றுள் ஒன்றை முதலில் தேர்ந்து, அதன் அங்கத்தினரோடு அமர்ந்து இத்தாளை நிரப்புதல் நலம். நதியும் சாலையும் ஊருக்கு ஊர் மாறுபடுமாதலால், பிறர் எழுதிய திட்டத்தைப் படியெடுத்துக் கொடுத்தலால் பயனில்லை.

வகுப்புக்குரிய பயிற்சிகள்

1. உமது ஊரிலுள்ள ஒரு கடையையோ பட்டறையையோ கண்டு, அதன் ஐந்து தூண்களையும் எழுதுக. அவற்றுள் மிக வலுவற்றது எது? ஏன்?

2. ஒரு சிற்றுண்டிச் சாலையில் நாளொன்றுக்கு 25 கிலோ அரிசி செலவாகிறது. அரிசி வந்து சேர மூன்று நாளாகும். சாலை ஐந்து நாள் அடைபடக்கூடுமெனின், எத்தனை கிலோ மீதமிருக்கும்போது சொல்லியனுப்ப வேண்டும்? (விடை: 200 கிலோ.)

3. விநாடிக்கு 50,000 கன அடி வீதம் 12 மணி நேரம் ஓடும் நீரின் அளவைக் கணக்கிடுக. (விடை: 216 கோடி கன அடி.)

4. உமது ஊரிலிருந்து மாவட்டத் தலைநகருக்குச் செல்லும் இரண்டு பாதைகளை வரைபடத்தில் குறிக்க. இரண்டையும் ஒருங்கே அடைக்கக்கூடிய இடையூறு ஒன்றைக் கூறுக.

5. உமது பள்ளி பத்து நாள் மூடப்படுமாயின், எப்பணி முதலில் தொடர வேண்டும்? பாடமா, மதிய உணவா, மதிப்பெண் பதிவேடா? பொறுக்கும் காலத்தைக் கொண்டு காரணம் காட்டுக.